உஷார்! அந்தத் தேதியைச் சாய்த்துப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடையில் சேமியா பாக்கெட் வாங்கினேன். வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் நறுக்கி வைத்தபிறகுதான் என் மனைவி பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். "இதென்ன, இந்த இடம் மட்டும் மங்கிக் கிடக்கு?" என்றாள். பின்பக்கம் தேதி அடித்திருக்கும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு பிளாஸ்டிக்கின் பளபளப்பு போயிருந்தது. அதன்மேல் கறுப்புப் புள்ளிகளாலான தேதி. இன்னும் ஆறு மாதம் மிச்சமிருப்பதாகச் சொன்னது. ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தேன். புதுப் புள்ளிகளின் இடுக்கில், சாம்பல் நிறத்தில் இன்னொரு வரிசைப் புள்ளி. பழைய தேதியின் நிழல். மாதம் தெரியவில்லை. வருஷத்தின் கடைசி எண் மட்டும் தெரிந்தது. அது முந்தின வருஷம்.

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் ரவை உப்புமா.

மறுநாள் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "டேட் தோ டீக் ஆச்சே, தாதா" என்றார். தேதி சரியாகத்தானே இருக்கு என்கிறார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மொத்த வியாபாரியிடம் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர். தேதியைப் படித்திருப்பார், சாய்த்துப் பார்த்திருக்க மாட்டார். பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பாக்கெட் மறுபடி அலமாரிக்குப் போய்விடக் கூடாதே என்று, அங்கேயே கத்தரி கேட்டு வாங்கி அதை வெட்டிக் குப்பையில் போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் புள்ளித் தேதியை அடிப்பது இன்க்ஜெட். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருவது மேஜை மேல் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டிதான். பிள்ளையின் ஸ்கூல் புராஜெக்டுக்குக் கலர் படம், ஆதார் நகல், ரயில் டிக்கெட். ஆனால் அதே மைத்துளி வித்தை நம் சமையலறையில் ஏற்கெனவே நூறு இடத்தில் இருக்கிறது. பால் பாக்கெட், தண்ணீர் பாட்டிலின் கழுத்து, பிஸ்கட் உறை, எண்ணெய் டின்னின் அடிப்பாகம், மருந்து அட்டை. புள்ளி புள்ளியாக எம்.ஆர்.பி., பேட்ச் எண், தேதி என்று எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் அது இன்க்ஜெட் அடித்ததுதான்.

பெரிய ஃபாக்டரிகளில் இருப்பது தொடர் மைத்துளி எந்திரம். மையை அழுத்தத்தோடு ஒரு நுண்துளை வழியாகப் பீய்ச்சி, அதிர வைத்து, நொடிக்குப் பல்லாயிரம் துளிகளாக உடைக்கிறது. தேவையான துளிக்கு மட்டும் மின்னேற்றம் கொடுத்துத் திசை திருப்பி, கன்வேயரில் ஓடும் பாக்கெட்டின் மேல் விழ வைக்கிறது. மின்னேற்றம் பெறாத துளி ஒரு குழாய்க்குள் விழுந்து திரும்பவும் மைத்தொட்டிக்கே போகிறது. பாக்கெட்டை எந்திரம் தொடுவதே இல்லை. அதனால்தான் முட்டையின் மேல்கூட உடையாமல் அச்சடிக்க முடிகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட் 1960களில் இதை உருப்படியாகச் செய்து காட்டினார். அதற்கும் முன்னால், 1867இலேயே, கடல்தந்திச் செய்தியைப் பதிவு செய்ய லார்ட் கெல்வின் மின்னேற்றம் செய்த மையைக் காகிதத்தின் மேல் இழுக்க வைத்திருக்கிறார். ஆக, வித்தை பழசு.

இதில் மை ஒன்றிரண்டு நொடியில் காய வேண்டும். தண்ணீர் மை பிளாஸ்டிக்கில் காயாது. அதனால் சட்டென்று ஆவியாகும் கரைப்பானில் கலந்த மையைப் பயன்படுத்துகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கரைப்பானில் கரைந்து வந்தது, கரைப்பானை மறுபடி காட்டினால் கரைந்து போகும். அழிப்பது சுலபம் என்றால் திரும்ப அடிப்பது? பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்பு அதற்கு ஒரு ஃபாக்டரி எந்திரம் வேண்டும், லட்சக்கணக்கில் விலை, அதை ஓட்டத் தெரிந்த ஆள். இன்றைக்குக் கையில் பிடித்து, இஸ்திரிப் பெட்டி மாதிரி ஓட்டுகிற தேதி பிரிண்டர் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. உள்ளே இருப்பது வீட்டு பிரிண்டரில் இருக்கிற அதே சங்கதி: மையை ஒரு கணம் சுடவைத்து, குமிழி உண்டாக்கி, துளியைத் துப்பும் கார்ட்ரிட்ஜ். அரை அங்குல உயரத்துக்கு அடிக்கும். தொடுதிரையில் தேதியைத் தட்டினால் தீர்ந்தது.

எந்திரத்தைக் குறை சொல்லவில்லை. வீட்டில் ஊறுகாய், அப்பளம், முறுக்கு போட்டு விற்கிற எத்தனையோ பெண்களுக்கு அது வரப்பிரசாதம். பேக் செய்த உணவுக்குத் தேதியும் பேட்ச் எண்ணும் கட்டாயம். லேபிள் குறைபாட்டுக்கு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் குத்திக் கை வலிக்கிறவர்களுக்கு இந்தக் குட்டி எந்திரம் பெரிய உதவி. கவலை என்னவென்றால், நேர்மையான கைக்கு அது எவ்வளவு எளிதோ, நேர்மையில்லாத கைக்கும் அவ்வளவே எளிது. காலாவதியான பிஸ்கட்டையும் குளிர்பானத்தையும் மலிவாக வாங்கி, பழைய தேதியைத் துடைத்து, புதுத் தேதி அடித்து விற்ற கும்பல்களை டெல்லி போலீஸ் பிடித்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். கெமிக்கல் பாட்டிலும் பிரிண்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான் மூலதனம்.

சேமியாவோடு இது நின்றால் வயிற்று வலியோடு போகும். மருந்துக்கு வந்தால்?

கொல்கத்தாவின் மொத்த மருந்து வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமானால் கேனிங் ஸ்ட்ரீட்டுக்குப் போக வேண்டும். பாக்ரி மார்க்கெட், மேத்தா பில்டிங் என்று அடுக்கடுக்காகக் கடைகள், மாடிப்படியில்கூட அட்டைப் பெட்டி, தலையில் மூட்டையோடு "தேக்கே, தேக்கே" (பார்த்து, பார்த்து) என்று இடித்துக்கொண்டு போகும் கூலிகள். 2018 செப்டம்பர் 16ஆம் தேதி பாக்ரி மார்க்கெட்டில் பிடித்த தீ அணைய நாள் கணக்கில் ஆனது. வங்காளம் மட்டுமல்லாமல் பக்கத்து மாநிலங்களுக்கும் சரக்கு போகிற இடம். நல்ல சரக்கு போகிற பாதையில்தான் கெட்ட சரக்கும் நுழையப் பார்க்கும்.

2024 டிசம்பர் கடைசியில் என்ன நடந்தது? மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் மேற்கு வங்க மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககமும் சேர்ந்து கொல்கத்தாவில் ஒரு மொத்த வியாபாரியின் இடத்தைச் சோதனை போட்டன. சிக்கியவை புற்றுநோய் மருந்து, சர்க்கரை நோய் மருந்து உள்ளிட்டவை. அயர்லாந்து, துருக்கி, அமெரிக்கா, வங்கதேசம் என்று லேபிளில் ஊர்ப் பெயர்கள். இறக்குமதி செய்ததற்கான காகிதம் ஒன்றுகூட இல்லை. மதிப்பு சுமார் 6 கோடியே 60 லட்சம் ரூபாய் என்று அரசே அறிவித்தது. எனக்கு அந்த அறிவிப்பில் வயிற்றைக் கலக்கியது பணக் கணக்கு இல்லை. மருந்தோடு காலிப் பேக்கிங் சாமான்களும் கிடைத்தன என்ற ஒரு வரிதான். காலி அட்டையை எதற்கு வைத்திருப்பார்கள், சொல்லுங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள், 2025 பிப்ரவரியில், ஆற்றைத் தாண்டி ஹவுரா மாவட்டம் ஆம்தாவில் போலி ரத்த அழுத்த மாத்திரை பிடிபட்டது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்கிற வகை.

அந்த இரண்டு இடத்திலும் எந்த எந்திரம் அச்சடித்தது என்பது விசாரிக்கிறவர்கள் பாடு. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. லேபிளும் தேதியும் அழகாக இருக்கின்றன என்பது இனிமேல் எதற்கும் அத்தாட்சி கிடையாது. ஹிக்கியின் பெங்கால் கெஜட் செய்தித்தாள் 1780இல் வெளிவந்த ஊர் இது; பக்கத்தில் செராம்பூரில் 1800இல் வில்லியம் கேரியின் அச்சகம் தொடங்கிவிட்டது. அச்சில் வந்தால் உண்மை என்று நம்பப் பழகிய ஊர். அன்றைக்கு அச்சு என்றால் ஈய எழுத்து, இரும்பு எந்திரம், பத்து ஆள், ஊரறிந்த முகவரி. இன்றைக்கு அது சட்டைப் பையளவு கார்ட்ரிட்ஜ்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தேதி மட்டும்தான் தெரியும். சாய்த்தால்தான் அடியில் இருக்கும் மேற்பரப்பு தெரியும். தேதி இருக்கும் கட்டம் மட்டும் மங்கியோ கீறியோ இருந்தால் சந்தேகப்படுங்கள். எம்.ஆர்.பி. ஒரு எழுத்து வடிவத்திலும் தேதி வேறு வடிவத்திலும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபாக்டரியில் இரண்டையும் ஒரே எந்திரம் ஒரே ஓட்டத்தில் அடிப்பதுதான் வழக்கம். பேட்ச் எண் அழிந்து தேதி மட்டும் பளிச்சென்று இருந்தாலும் அப்படியே. ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன்: எண்ணெய்ப் பசையுள்ள உறையில் ஒழுங்காக அடித்த தேதிகூட லேசாக இழுபடும். இழுபட்டதெல்லாம் திருட்டு இல்லை. அடியில் இன்னொரு தேதியின் நிழல் இருந்தால் அது திருட்டுத்தான்.

மருந்தில் இன்னும் கொஞ்சம் கறாராக இருக்கலாம். அட்டைப் பெட்டியில் இருக்கும் பேட்ச் எண்ணும் உள்ளே மாத்திரைப் பட்டையில் இருப்பதும் பில்லில் இருப்பதும் மூன்றும் ஒன்றா? பல கம்பெனிகள் பட்டையின் ஓரத்தில் பேட்சையும் தேதியையும் அமுக்கிப் பொறிக்கின்றன. விரலால் தடவினாலே மேடு தெரியும். அதைத் துடைக்க முடியாது. அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் க்யூ.ஆர். அல்லது பார்கோடு கட்டாயம் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச், தயாரித்த தேதி, முடியும் தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். போனை நீட்டுங்கள், திரையில் வருவதையும் அட்டையில் இருப்பதையும் ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போனாலும் நூறு சதவீதம் நிம்மதி என்று சொல்ல மாட்டேன், க்யூ.ஆர். படத்தையும் நகலெடுக்க முடியும். ஒத்துப்போகாவிட்டால் அதை வாயில் போடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கத்தரிக்கோல் பழக்கம். நாலு மாத்திரை போதும் என்றால் கடைக்காரர் பட்டையை நறுக்கிக் கொடுக்கிறார். தேதி இருக்கும் முனை யாருக்குப் போகிறது? பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. முழுப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் நறுக்குவதற்கு முன்பு தேதி முனையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நொடி வேலை.

இந்த ஊரில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது, கேக். டிசம்பர் வந்தால் பார்க் ஸ்ட்ரீட் முழுக்க விளக்கு, ஊர் முழுக்க கேக். குழந்தையின் போட்டோவை கேக் மேல் அச்சடிப்பது இப்போது பாடாய் பாடாய், அதாவது தெருவுக்குத் தெரு, வந்துவிட்டது. அதுவும் இன்க்ஜெட்தான். உண்ணத் தகுந்த மை, உண்ணத் தகுந்த தாள். கேட்க வேண்டிய கேள்வி: அந்த பிரிண்டர் முதல் நாளிலிருந்தே கேக்குக்கு மட்டும் ஓடுகிறதா, இல்லை நேற்று வரை பில் அடித்த பிரிண்டரில் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றியிருக்கிறார்களா? குழாயிலும் முனையிலும் ஒட்டிக்கிடக்கும் பழைய மை தானாகப் போய்விடாது. கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இனி நம் மேஜை மேல் இருக்கும் பெட்டி. அடிப்பதும் அழிவதும் சுலபம் என்ற அதே கதை இங்கேயும். என்ன, இங்கே ஏமாறுவது நாம், ஏமாற்றுவது நம் மை. வீட்டு இன்க்ஜெட் மையில் பெரும்பங்கு தண்ணீர். நிறம் இரண்டு விதமாக இருக்கும். சாயம் தண்ணீரில் கரைந்திருந்தால் 'டை'. நுண்ணிய தூளாக மிதந்தால் 'பிக்மென்ட்'. டை மை படத்துக்கு அழகு, ஈரத்துக்கு எமன். சில டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், சிலவற்றில் நாலு பாட்டிலும் டை. வாங்கும்போது விற்பனையாளர் சொல்ல மாட்டார், நாமும் கேட்பதில்லை. கண்டுபிடிப்பது எளிது: ஒரு வரி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, எச்சில் விரலால் இழுத்துப் பாருங்கள். நீல வால் முளைத்தால் டை.

கொல்கத்தாவில் இது சின்ன விஷயம் இல்லை. 2025 செப்டம்பர் 22 ராத்திரி தொடங்கி மறுநாள் காலை வரை கொட்டிய மழையை இந்த ஊர் லேசில் மறக்காது. ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல். காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து பூஜை நேரத்துச் சரக்கு ஊறிப்போனது. ஊறிய புத்தகம் உப்பிப் போகும், நாறும், ஆனாலும் எழுத்து இருக்கும். டை மையில் அடித்த வாடகை ஒப்பந்தம் நனைந்தால் வெள்ளைத் தாளும் ஒரு ஊதா மேகமும்தான் மிச்சம். மழைகூட வேண்டாம், ஆகஸ்ட் மாதப் புழுக்கமும் மினிபஸ்ஸில் சட்டைப் பையின் வியர்வையும் போதும். வைத்துக் காக்க வேண்டிய எதையும் லேசரில் அடியுங்கள், இல்லையென்றால் பிக்மென்ட் கறுப்பில். ஜாதவ்பூரில் 'சுலேகா மோர்' என்று ஒரு பஸ் நிறுத்தமே மைக் கம்பெனியின் பெயரில் இருக்கிற ஊரில், மையின் ஜாதகம் பார்க்காமல் வாங்குவது என்ன நியாயம்?

சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட அவசரமாக ஒன்று. செக்கில் பெயரையும் தொகையையும் இன்க்ஜெட்டில் அடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கையெழுத்து மட்டும் பேனாவில் போட்டு, மற்றதைக் கரையும் மையில் அடித்துக் கொடுப்பது, கையெழுத்திட்ட வெற்றுச் செக்கைக் கொடுப்பதற்குச் சமம். பெயரைக் கழுவிவிட்டு வேறு பெயரை அடிக்க, எதிராளிக்கும் ஒரு இன்க்ஜெட் போதும். செக்கில் பெயரிலோ தொகையிலோ திருத்தம் கூடாது என்று விதி இருப்பது நமக்குக் காவல்தான். ஆனால் சுத்தமாகக் கழுவிய செக்கைப் பார்த்துத் திருத்தம் என்று யாருக்குத் தெரியும்?

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் பைட்டக்கானா பஜாரில் ஸ்டிக்கர் தாள் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. அதில் க்யூ.ஆர். படத்தை அடித்து, ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் பலகையின் மேல் ஒட்டிவிட்டுப் போக ஐந்து நிமிடம் ஆகாது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் பல கடைகளில் அப்படித்தான் ஒட்டினார்கள். வாடிக்கையாளர் பணம் கட்டினார், கடைக்காரருக்கு வரவில்லை. காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டுகிற கையால் அந்தப் பலகையின் ஓரத்தையும் நகத்தால் ஒரு முறை சுரண்டிப் பாருங்கள். பணம் கட்டுகிறவர்கள், திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகு எண்ணைத் தட்டுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

அந்த சேமியா பாக்கெட்டுக்கு வருகிறேன். வெட்டிப் போட்டேனே, அதோடு என் புகாரும் போயிற்று. பேட்ச் எண் இல்லை, நிழல் தேதி இல்லை, பில்லையும் கடையிலேயே விட்டுவிட்டேன். அந்தப் பெட்டியில் மீதியிருந்த பாக்கெட்டுகள் லேக் மார்க்கெட்டில் எந்த வீட்டு அடுப்புக்குப் போயினவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் அலமாரியில் இப்படி ஒன்று அகப்பட்டால் என்னைப் போல் வீரம் காட்டாதீர்கள். திறக்காமல், பில்லோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். தேதி இருக்கும் இடத்தைச் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பேசுங்கள்.